இரண்டு பேர் மட்டும் உட்காரும் படகு

என் அகத்துக்காரர் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி, "உங்க ஊர்க் கால்வாயில போற படகெல்லாம் என்ன நீளம், என்ன அகலம் இருக்கும்?" என்பதுதான். கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்துக்கு நான் குடித்தனம் வந்த முதல் வாரம் அது. சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்பார் என்று நினைத்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். படகின் அகலத்தை யார் அளந்துகொண்டு வருவார்கள்? "சாண் போட்டுப் பாத்ததில்லை" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சென்னையில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துறைமுகத்துக்குப் போய் நிற்பாராம். வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்காக ஓட்டும் பாய்மரப் படகுகளைப் பார்ப்பதற்குத்தான். அவற்றிலும் ஒல்லியாக, நீளமாக இருக்கும் படகுகள்தான் அவருக்குக் கணக்கு. மற்றதெல்லாம் அவர் கண்ணில் தொட்டிகள். ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்த பிறகும் அந்த மோகம் விடவில்லை. பையன்களுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கரும்பலகையின் மூலையில் ஒரு நீளப் படகு போட்டுவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியே வருவார். நெசவுக்காரர்களுக்குப் புடவைக் கரை டிசைன் போட்டுக் கொடுக்கும் காகிதங்களின் ஓரத்திலும் அது இருக்கும். ஒரு தடவை ஒரு நெசவாளி அதுவும் டிசைனில் சேர்ந்ததுதான் என்று நினைத்து, யாளி வரிசைக்கு நடுவில் படகையும் சேர்த்து நெய்துவிட்டார். புடவையை வாங்கிய அம்மாள் அதை மீன் என்று நினைத்துக்கொண்டதால் பிரச்சினை வரவில்லை.

எனக்குப் படகு புதிது இல்லை. என் அப்பாவுக்குக் கோவளம் பக்கத்தில் பக்கிங்காம் கால்வாயில், தண்ணீரைத் தேக்கிப் படகுகளை விடும் லாக் கேட்டில் குமாஸ்தா உத்தியோகம். விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் பாய்மரப் படகுகளைப் பார்த்தபடியேதான் வளர்ந்தேன். அப்பா மேற்பார்வைக்குப் போகும் சின்னப் படகில் நானும் ஏறிக்கொள்வேன். சுக்கானைப் பிடிக்க விடுவார். பாயை எப்போது இழுத்துக் கட்ட வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அம்மானை ஆடுகிற மாதிரி வரும். கல்யாணத்தன்று அப்பா சம்பந்திகளிடம், "எம் பொண்ணு சுக்கான் பிடிச்சா படகு கோடு போட்ட மாதிரி போகும்" என்று பெருமை அடித்துக்கொண்டார். பெண்ணின் பெருமையாக இதைச் சொன்ன அப்பா வேறு யாராவது இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை. என் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

காஞ்சிபுரத்துக்கு வந்த பிறகு, கிணற்றில் இறைத்து வாளியில் பார்த்ததுதான் தண்ணீர். கோயில் குளம் ஒன்று உண்டு. அதில் வருஷத்துக்கு ஒரு தடவை பெருமாள் தெப்பம் கண்டருளுவார், நாங்கள் படியில் நின்று சேவிப்போம். ஒரே ஒரு தடவை மறுபடியும் படகில் ஏற வேண்டும், காற்றில் போக வேண்டும் என்று எனக்கு வயிற்றுப் பசி மாதிரி ஒரு ஆசை. யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அவர் படகுப் பேச்சை எடுக்கும் போதெல்லாம் சண்டை போட்டாவது அந்தப் பேச்சை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை ஒரே விஷயத்தில்தான். எங்கள் கால்வாய்ப் படகுகளும் நீளம்தான், ஆனால் வயிறு உண்டு. அதில் சமைப்பார்கள், படுப்பார்கள், குழந்தையைத் தூளியில் போடுவார்கள். "இவ்வளவு ஒல்லியா ஒரு படகு பண்ணினா அதுல என்னத்தை வைக்கறது? அடுப்புக்கு எங்கே இடம்?" என்பேன். ஒரு நாள் என்னைக் கிணற்றடித் தொட்டிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். தளிகை உள்ளிலிருந்து ஒரு குழிக்கரண்டியையும் காய் நறுக்கும் கத்தியையும் எடுத்துக்கொண்டார். கரண்டியைத் தண்ணீரில் அமுக்கி இழுக்கச் சொன்னார். தண்ணீர் முன்னால் குவிந்துகொண்டு கையைத் தடுத்தது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இழுக்கச் சொன்னார். அது போனதே தெரியவில்லை.

"தண்ணியை ஒதுக்கிண்டு போறதுதான் படகோட வேலை. அகலமா இருந்தா பாதிக் காத்து அதுக்கே செலவாயிடும்" என்றார்.

"சரி. அப்படிப் போய் என்ன பண்ணறது?"

"போறது. வேற என்ன பண்ணணும்?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போவதில்லை. மாமியார் ஒன்பது வயதில் அந்த வீட்டுக்கு வந்தவர். என் அகத்துக்காரர் கைக்குழந்தையாக இருக்கும்போதே மாமனார் போய்விட்டார். அதற்குப் பிறகு மாமியாருக்கு வீடும் கோயிலும்தான். தலையை மழித்து, வெளிர் நிற நார்மடிப் புடவை கட்டிக்கொண்டு, விடியற்காலையில் ஒரு தடவை பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தால் அன்றைய பிரயாணம் முடிந்தது. நான் அந்த வாசலைத் தாண்டுவது அதைவிடக் குறைவு.

அந்த வருஷம் ஆடி மாதம் என் அகத்துக்காரர் படகு கட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். "முதல்ல நீதான் ஏறப் போறே. இது வாக்கு" என்று என்னிடம் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பையே மறுபடியும் ஊதினேன்.

எங்கள் ஊரில் படகு கட்டுகிறவர் கிடையாது. தறி மரச் சாமான் செய்யும் சாயபு ஒருவரைக் கொல்லைப் பக்கச் சந்து வழியாக அழைத்து வந்தார். சாயபு படத்தைக் கையில் வாங்கி, நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், நாடா மாதிரி இருக்குது?" என்றார். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவைத்தான் சொன்னார். "கொஞ்சம் பெரிய நாடா, அவ்ளோதானே? பேஷா செஞ்சிடலாம்."

அவர் சொன்னபடியே செய்தார். இரண்டு முனையும் ஒரே மாதிரி கூர். நடுவில் மட்டும் குழிவு, அதில் ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு செம்பை வைக்கக்கூட இடம் இல்லை. பலகை இடுக்குகளில் பட்டு நூல் கழிவைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினார். அதற்குப் பிறகு வெளிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார், தேய்த்தார், வாரக்கணக்கில் தேய்த்தார்.

"போதுமே சாயபு" என்றார் என் அகத்துக்காரர்.

"ஒரு பிசிறு இருந்தாலும் நூல் மாட்டிக்கும் மாஸ்டர்."

"இதுல நூலே கிடையாதே?"

"இல்லாட்டி இன்னா? செய்றத ஒழுங்கா செய்யணுமில்ல" என்று சாயபு மேலும் எண்ணெய் தடவினார்.

இத்தனை நாளும் மாமியார் கூடத்து ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. அடிப்பலகைக்கு நீளமான மரம் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து, ஊஞ்சல் பலகையின் மேல் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பகல் தூக்கமும் அதன் மேல், ஜபமும் அதன் மேல். "அது நீளம் போறாதும்மா" என்று பிள்ளை சொன்னதை அவர் நம்பவில்லை.

பாய்க்குத் துணி நெய்து கொடுத்தவர், அந்த யாளி வரிசையில் படகை நெய்த அதே நெசவாளிதான். சாயம் சரியாக ஏறாமல் திட்டுத் திட்டாகப் போன ஒரு அரக்கு நிறப் பாவு நூல் அவரிடம் கிடந்தது. யாரும் கட்டமாட்டார்கள் என்று மூலையில் போட்டிருந்ததை எடுத்து எங்களுக்காகத் தறியில் ஏற்றினார். படகுக்குப் பட்டுப் பாயா என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் மூலையில் கிடப்பது பட்டுதான். கொண்டு வந்து விரித்தபோது இரண்டு ஓரத்திலும் பச்சைக் கரை இருந்தது.

"கரை எதுக்குப்பா?" என்றேன்.

"கரை இல்லாம நெய்யக் கை வரலம்மா" என்றார் அவர். அத்தோடு விட்டாரா? பாவுக்குப் போடுகிற மாதிரியே, பாயைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, நிழலில் உலர்த்தினார். அது பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. நாங்கள் எல்லோரும் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். கஞ்சி போடாத துணியைத் துணி என்று ஒத்துக்கொள்கிற ஊர் இல்லை எங்களுடையது.

ஐப்பசியில் நல்ல மழை. ஊருக்குக் கிழக்கே இருந்த பெரிய ஏரி கலங்கல் வழிகிற அளவுக்கு நிறைந்தது. கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டதும் படகை வெளியே எடுக்க நாள் பார்த்தார்கள். கொல்லைச் சந்தில் திருப்பம் இருந்ததால் அந்த நீளம் அங்கே திரும்பாது. வீட்டின் நடுவாகத்தான் வாசலுக்கு வர வேண்டும். எங்கள் தெரு வீடுகள் எல்லாமே அகலம் இல்லாமல் நீளமாகப் போகிறவை. கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் திறந்து வைத்தால் நேரே தெரு தெரியும். கண்டவர்கள் கூடத்தில் நடக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டதால், பெருமாளைத் தோளில் எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகளில் நாலு பேரை என் அகத்துக்காரர் அழைத்து வந்தார்.

அவர்கள் தோளுக்கு அந்த நீளமும் அந்தக் கனமும் கிடைத்ததும், கால் தானாக உற்சவ நடை போட ஆரம்பித்துவிட்டது. அசைந்து அசைந்து, இரண்டு அடி முன்னால், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி முன்னால். படகு எங்கேயும் இடிக்காமல் தளிகை உள்ளைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமியாரையும் தாண்டி வாசலுக்கு வந்தது. தெருவில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டு மாமி அவசரமாக ஒரு தேங்காயுடன் வந்துவிட்டார். கால்வாய்ப் படகாக இருந்தால் எங்கள் வீட்டுச் சுவரை இடித்திருக்க வேண்டும். ஒல்லிப் படகில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டு வண்டியில் ஏரிக்குப் புறப்பட்டோம். படகு முன்னால் ஒரு வண்டியில் போய்விட்டது. நான் மடிசாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினால், மாமியார் எனக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

"நானும் வரேன். பொம்மனாட்டி போய் ஏரியில அமக்களம் பண்ணினா பெரியவான்னு ஒருத்தர் இருந்து கேக்க வேண்டாமா?" என்றார்.

வழி முழுவதும் அதே பேச்சு. ஒரு முழ அகலத்தில் காலை மடக்கிக்கொண்டு பெண்பிள்ளை உட்காரலாமா, கவிழ்ந்தால் யார் தூக்குவார்கள், யார் கை படும், ஊர் என்ன சொல்லும். நான் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னைத் தடுக்கத்தான் கூட வருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏரிக்கரையில் மதகைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் படகைச் சுற்றி வந்தார். "இன்னா சாமி இது, உக்காந்தா கவுந்துக்கினு பூடும் போல இருக்குது?" என்றார். அடியில் மணல் மூட்டைகளைப் போட்டு, இறக்கி மிதக்கவிட்டோம். பாய் ஏறியது. கஞ்சி போட்ட அரக்குப் பட்டு வாடைக் காற்றில் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. சாயபு தேய்த்த மரத்தில் வெயில் வழுக்கியது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நான் தண்ணீரில் கால் வைத்தேன்.

"இருடி" என்றார் மாமியார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மாமியார் படகின் பக்கத்தில் போய், பாயின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது பட்டாடா?"

"பட்டுதாம்மா."

"இடுக்குல இருக்கறது?"

"அதுவும் பட்டுக் கழிவுதான்."

"மரம், பட்டு, ஏரித் தண்ணி. இதுல தீட்டுக்கு, விழுப்புக்கு எங்கே இடம்? என் மடிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே, புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எங்கள் இருவரில் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் ஏறி, முன்னால் இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் அகத்துக்காரர் என்னைப் பார்த்தார். அம்மாவை இறங்கு என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? பின்னால் ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். படகு போய்விட்டது. நான் கரையில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. அத்தனை மாதம் காத்திருந்தது இதற்குத்தானா? வழியெல்லாம் என்னைக் கரித்துக் கொட்டிவிட்டு, அவரே ஏறிக்கொண்டாரே!

ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது தண்ணீரைக் குலைக்காமல் போயிற்று. பின்னால் இரண்டு மெல்லிய கோடு மட்டும் விழுந்து, விழுந்த சுவடு தெரியாமல் மறைந்தது. கரையிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் முழு நீளமும் தெரியும். கொஞ்சம் திரும்பியதும், நேரே நிற்கும் ஒரு அரக்குக் கோடுதான், படகே இல்லை. கனமான எதுவும் அவ்வளவு லேசாகப் போய் நான் பார்த்ததில்லை. துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மனுஷன் போய் நின்றது எதற்காக என்று அப்போது புரிந்தது.

பாதி ஏரி போவதற்குள் தூறல் பிடித்தது. பெரிய மழை இல்லை, பன்னீர் தெளிக்கிற மாதிரிதான். அது போதுமாக இருந்தது. கஞ்சி ஊறிக் குழைந்தது. பலகையாக நின்ற பாய் தொய்ந்து, பிசுபிசுவென்று பாய்மரத்தோடு ஒட்டிக்கொண்டது. படகு நின்றுவிட்டது. என் அகத்துக்காரர் துடுப்புக் கட்டையால் தள்ளித் தள்ளி, மூச்சு வாங்க, படகைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

பக்கத்தில் வந்ததும்தான் மாமியாரைப் பார்த்தேன். சரியாக ஏறாத சாயம் பாயிலிருந்து சொட்டியிருந்தது. அவர் தோளிலும் மடியிலும் நார்மடி முழுவதும் அரக்கு வரிகள். பிள்ளை கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து வண்ணம் என்பதே தொடாத உடம்பு அது. அவர் தன் மடியைக் குனிந்து பார்த்தார். தேய்க்கவும் இல்லை, பிழியவும் இல்லை. அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருந்தது.

"போச்சு. துணி போச்சு. இனிமே இந்த வருஷம் ஒண்ணும் இல்லை" என்று என் அகத்துக்காரர் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கால்வாய் ஞாபகம் வந்தது. காற்று குறைந்தால் படகுக்காரர்கள் அகப்பையால் தண்ணீரை வாரிப் பாயின் மேல் அடிப்பார்கள். நனைந்த துணியில் இழை நெருங்கிக்கொள்ளும், காற்று ஊடுருவாது என்று அப்பா சொல்வார்.

"துணி போகலை. கஞ்சிதான் போகணும். அலசிடலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து பாயை அவிழ்த்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி நான் ஒரு நுனியும், காவல்காரர் ஒரு நுனியுமாகப் பிடித்து அலசினோம். கஞ்சியும் அரக்கும் கலந்து ஓடின. பிழியாமல் அப்படியே ஏற்றிக் கட்டினோம். தூறலும் நின்றது. பாய் முதலில் துவண்டது, பிறகு மெதுவாக வயிறு வைத்து நிறைந்தது. படகு கட்டிய கயிற்றை இழுக்க ஆரம்பித்தது.

இவ்வளவு நேரமும் மாமியார் படகிலிருந்து இறங்கவில்லை.

"அம்மா, இப்போ எறங்கு. அவ ஏறணும். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் என் அகத்துக்காரர்.

"ஏறட்டுமே. யார் வேண்டாம்னா?"

"இதுல ரெண்டு பேருக்குத்தாம்மா இடம்."

"நேக்கும் எண்ணத் தெரியும். நீ எறங்கு."

"நான் எறங்கினா ஓட்டறது யாரு?"

மாமியார் திரும்பாமலே சொன்னார்: "லாக் கேட்டுக்காராத்துப் பொண்ணு சுக்கான் பிடிச்சா கோடு போட்ட மாதிரி போகும்னு இவ அப்பா கல்யாணத்தன்னிக்கு அவ்வளவு பெருமை அடிச்சிண்டார். அன்னிலேர்ந்து பாக்கணும்னு இருக்கேன்."

என் அகத்துக்காரர் கட்டிய படகு. பத்து வருஷமாக வரைந்து வரைந்து பார்த்த படகு. அவர் அதிலிருந்து இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்று, நான் ஏறுவதற்காக அதை ஆடாமல் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

சுக்கான் கைக்கு வந்த நிமிஷத்தில் பழசெல்லாம் வந்துவிட்டது. கால்வாய்ப் படகு சொன்னதைக் கேட்க நேரம் எடுத்துக்கொள்ளும். இது நினைத்ததுமே திரும்பியது. காது ஓரத்தில் காற்று, விலாப் பக்கத்தில் பலகைக்கு அந்தப் புறம் தண்ணீர் ஓடும் சத்தம். என் கண்ணுக்கு நேரே ஈரமான அரக்கு வரிகளோடு மாமியாரின் முதுகு. கைகளை இரண்டு பக்கமும் விளிம்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நடு ஏரியைத் தாண்டினோம். பின்னால் கரையில் என் அகத்துக்காரர் துண்டை வீசிக் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னடி கத்தறான்?" என்றார் மாமியார்.

"திரும்பி வரச் சொல்றார் அம்மா."

அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காதுல விழலைன்னு சொல்லிக்கலாம். நீ போ" என்றார்.

நான் பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன்.